ஷோரூம் மழையும் வீட்டுத் தூறலும்

கூமாப்பட்டியை 2025-இல் ரீல்ஸ் வழியாகத் தமிழ்நாடே தெரிந்துகொண்டது. மலையடிவாரம், தென்னந்தோப்பு, பிளவக்கல் அணை, கண்மாய் என்று தண்ணீரைக் காட்டித்தான் அந்த வீடியோக்கள் ஓடின. அந்த ஊரில் ஒரு வீட்டில் பழைய பாத்ரூமை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாமான் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ வண்டி கட்டுகிறார்கள். கடையில் சுவர் முழுக்க ஷவர்கள். பையன் லீவரைத் திருப்பியதும் எட்டு இஞ்ச் ‘ரெயின் ஷவர்’ பெயருக்கேற்றபடி கொட்டுகிறது. வீட்டம்மாவுக்குப் பிடித்துப்போகிறது, விலையைக் கேட்டு வீட்டுக்காரர் கொஞ்சம் யோசிக்கிறார், கடைசியில் பில் போட்டாகிவிட்டது.

டைல்ஸ் ஒட்டி, பிளம்பர் மாட்டி, முதல் குளியல். ஷவரின் ஓரத்தில் நாலு துளையில் மட்டும் தண்ணீர் ஒழுகுகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை.

“அண்ணாச்சி டூப்ளிகேட்டைக் கொடுத்துட்டாரோ?”

“அதெல்லாம் ஒரிஜினல்தான்க்கா. ஒங்க வீட்டுல பிரஷர் பத்தல.”

“அதெப்படிப் பத்தாம போகும்? கீழ பக்கெட் குழாயத் தொறந்தா பீச்சியடிக்குதே!”

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. மொட்டை மாடியில் இருப்பது ஒரே டேங்க். சுவருக்குள் வருவது ஒரே பைப். கீழே பீறிடும் தண்ணீர் ஐந்தடி மேலே ஏன் தூறுகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாத்ரூம் சாமான் வாங்குவதில் பாதி வேலை முடிந்துவிடும். பதில் ஷவரில் இல்லை, டேங்கின் கொள்ளளவிலும் இல்லை. டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் ஷவருக்கும் நடுவே எத்தனை அடி என்பதில் இருக்கிறது.

வீடு கட்டும்போது கொத்தனார் கையில் கண்ணாடிபோல ஒளிபுகும் ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப் இருக்கும். அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை ஒரு தூணிலும் மறுமுனையை எதிர்த் தூணிலும் பிடித்து மட்டம் குறிப்பார். நடுவில் டியூப் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். பாத்ரூம் குழாயில் அதே டியூபைச் செருகி, குழாயைத் திறந்துவிட்டு, மறுமுனையை மாடிக்குத் தூக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? டேங்கில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, டியூபிலும் அந்த மட்டம் வரைதான் ஏறும். ஒரு அங்குலம்கூட அதிகம் ஏறாது. குழாய்க்கு மேலே நிற்கும் இந்த நீரின் உயரத்தைப் பொறியாளர்கள் ‘நீர்த்தலை’ என்கிறார்கள். குழாயிலிருந்து தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் முழுக்க அந்த உயரத்திலிருந்து வருகிறது.

இதில் பலருக்கு நம்பிக்கை வராத இடம் ஒன்று உண்டு. ஐந்நூறு லிட்டர் டேங்கை எடுத்துவிட்டு இரண்டாயிரம் லிட்டர் வைத்தால் பிரஷர் கூடும் என்று நினைக்கிறார்கள். கூடாது. தண்ணீர் நிற்கும் மட்டம் மாறாதவரை, டேங்க் அண்டாவாக இருந்தாலும் டம்ளராக இருந்தாலும் அடியில் அழுத்தம் ஒன்றுதான். 1586-இல் நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் என்ற பொறியாளர் இதை எழுதிவைத்தார். பாத்திரத்தின் அகலமோ வடிவமோ அடியில் உள்ள அழுத்தத்தை மாற்றுவதில்லை, ஆழம் மட்டுமே மாற்றுகிறது என்பது அவர் கண்ட முடிவு. படித்தவர்களுக்கே அது முரண்பாடாகத் தோன்றியதால், இன்றும் இயற்பியலில் அதற்கு ‘நீர்நிலை முரண்’ என்றே பெயர். கிராமத்துக் குடிநீர்த் தொட்டியைப் பஞ்சாயத்து உயரமான தூண்களின் மேல் கட்டுவது இதனால்தான். தரையிலேயே அதைவிடப் பெரிய தொட்டியை மலிவாகக் கட்டிவிடலாம். ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் வராது.

பிளவக்கல்லுக்கு வருவோம். அங்குள்ள பெரியாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் சுமார் 47 அடி. அணை நிரம்பி, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நிற்கிறது. அந்தப் பரப்பைப் பார்க்கிறவருக்கு, அடி மதகில் தண்ணீர் பயங்கரமாக அழுத்தும் என்று தோன்றும். ஆழத்தை வைத்துப் பார்த்தால் அந்த அழுத்தம் ஏறத்தாழ 1.4 பார். மோட்டார் சைக்கிள் டயரில் அடிக்கும் காற்றைவிடக் குறைவு.

இந்த ‘பார்’ என்ன கணக்கு? கடையில் ஷவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் குறைந்தபட்சம் 0.5 பார், 1 பார் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சில பெட்டிகளில் பிஎஸ்ஐ என்று இருக்கும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. நினைவில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு: பத்து மீட்டர், அதாவது ஏறத்தாழ 33 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் அடியில் 1 பார். நம்மைச் சுற்றியுள்ள காற்று நம்மை அழுத்துவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள இந்தக் கணக்கு ஒரு கிணற்றுப் பிரச்சினையில் இருந்துதான் தொடங்கியது. உறிஞ்சும் பம்புகள் பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற மறுப்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் கவனித்தார்கள். எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் அந்த அளவோடு நின்றுவிடும். கலிலியோவின் சீடர் டோரிசெல்லி, தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமான பாதரசத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்தார். அது சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது. பதின்மூன்றரையால் பெருக்கிப் பாருங்கள், பத்து மீட்டர் தண்ணீர் வந்துவிடும். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. காற்றின் பலம் அவ்வளவுதான். 1648 செப்டம்பரில் பிரான்சில் பாஸ்கல் தன் மைத்துனரைப் புய் தெ தோம் என்ற மலை உச்சிக்குப் பாதரசக் குழாயோடு ஏறவைத்தார். மேலே போகப் போகக் காற்றுச் சுமை குறைந்தது, பாதரசமும் இறங்கியது. சந்தேகம் தீர்ந்தது.

நம்மூர்த் தோட்டக் கிணறுகளிலும் இதைப் பார்க்கலாம். பழைய ஆழமான கிணறுகளில் மோட்டாரைத் தரையில் வைக்காமல், கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் மேடை கட்டி இறக்கி வைத்திருப்பார்கள். மேலே இருந்து உறிஞ்சினால் ஏறாது என்பது விவசாயிக்கு டோரிசெல்லியைப் படிக்காமலே தெரியும்.

இப்போது வீட்டை அளப்போம். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. மொட்டை மாடித் தளம் 11 அடி உயரத்தில். அரையடி மேடை கட்டி அதன் மேல் டேங்க். உள்ளே மூன்றடி தண்ணீர். ஆக, தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 14½ அடி. ஷவர் 7 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் நீர்த்தலை 7½ அடி, அதாவது 0.22 பார். பக்கெட் குழாய் 2 அடி உயரத்தில். அதற்கு 12½ அடி, 0.37 பார். கீழே இருப்பதற்கு மேலே இருப்பதைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு பலம். காலையில் எல்லாரும் குளித்து டேங்க் காலியாகும் நேரத்தில் ஷவருக்கு மிஞ்சுவது 4½ அடி, 0.13 பார். கடைசியாகக் குளிக்கப் போகிறவர் ‘இன்னிக்கு என்ன இவ்வளவு மெதுவா வருது’ என்று கத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

கடையில் கொட்டியதற்குக் காரணம், மாடல் சுவருக்குப் பின்னால் ஓடும் பம்ப். ஏமாற்று என்று சொல்ல முடியாது. பம்ப் இல்லாமல் ஷவரைக் காட்ட வழியில்லை. ஆனால் அது எத்தனை பாரில் ஓடுகிறது என்று கேட்கிற வாடிக்கையாளர் அபூர்வம். ஐரோப்பியத் தர விதிகளில் குழாய்களின் நீரோட்டத்தை 3 பார் அழுத்தத்தில்தான் அளக்கிறார்கள். அங்கே பல ஊர்களில் தெருப் பைப்பிலேயே அவ்வளவு அழுத்தம் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கும். பம்ப் இல்லாமல் 3 பார் வேண்டுமென்றால் நாம் டேங்கை ஷவருக்கு மேல் நூறடி உயரத்தில் வைக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தில் பாதி உயரம் அது.

டேங்கை உயர்த்தினால் தீர்ந்துவிடாதா? ஓரளவுக்குத் தீரும். ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. துளையிலிருந்து பாயும் நீரின் வேகத்தையும் டோரிசெல்லிதான் 1644-இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுச் சொன்னார். உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் வேகம் இரண்டு மடங்காகும். நம் வீட்டில் பத்தடிக்கு இரும்பு ஸ்டாண்ட் போட்டு டேங்கை ஏற்றினால் நீர்த்தலை 7½ அடியிலிருந்து 17½ அடியாகிறது. தண்ணீர் வரத்து கூடுவது ஒன்றரை மடங்கு மட்டுமே. ஸ்டாண்டுக்கும் வெல்டிங்குக்கும் ஆகும் செலவைப் பார்த்தால், வேறு வழி இருக்கிறதா என்று தேடத் தோன்றும்.

இருக்கிறது. அது சுவருக்குள் இருக்கிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் நிற்கும் தண்ணீரின் அழுத்தம். குழாயைத் திறந்ததும் கதை மாறுகிறது. நூறு ரூபாயோடு சந்தைக்குக் கிளம்புகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு இருபது, டீக்குப் பதினைந்து, வழியில் பார்த்த கடன்காரருக்கு முப்பது. காய்கறிக் கடையில் நிற்கும்போது பையில் இருப்பதை வைத்துத்தான் வாங்க முடியும். வீட்டில் எண்ணிப் பார்த்த நூறு அங்கே செல்லாது. டேங்க் தரும் 0.22 பாரும் இப்படித்தான் வழியெல்லாம் செலவாகிறது. பைப் சுவரில் உரசுவதில் கொஞ்சம், ஒவ்வொரு எல்போவிலும் திரும்பும்போது கொஞ்சம், பாதி திறந்த வால்விலும், சுவருக்குள் புதைத்த டைவர்ட்டரின் குறுகிய பாதையிலும் இன்னும் கொஞ்சம். மிச்சம் இருப்பதுதான் ஷவருக்கு. குழாயை மூடியிருக்கும்போது செலவே கிடையாது, அழுத்தம் முழுசாக நிற்கும். எவ்வளவு வேகமாகத் தண்ணீர் எடுக்கிறோமோ அவ்வளவு அதிகம் செலவு.

பெரிய ஷவர் சிறிய ஷவரைவிட மோசமாகத் தோன்றுவதன் ரகசியமும் இதுதான். நூறு துளை உள்ள ஷவர், பைப் கொடுக்கக்கூடியதைவிட அதிகத் தண்ணீர் கேட்கிறது. அந்த ஓட்டத்திலேயே அழுத்தம் முழுக்க வழியில் தீர்ந்துவிடுகிறது. ஷவருக்குள் தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. தண்ணீர் பாயாமல் தட்டின் தாழ்ந்த ஓரத்துக்கு ஊர்ந்து போய், அங்கே இருக்கும் நாலு துளையில் சொட்டுகிறது. அதே பைப்பில் உள்ளங்கை அகலச் சின்ன ஷவரை மாட்டினால் நன்றாகவே பீறிடும். விலையும் நாலில் ஒரு பங்கு இருக்கும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்லமாட்டார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பைப்பின் விட்டம் எவ்வளவு முக்கியம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு பேர் தனித்தனியே அளந்தார்கள். ஜெர்மனியில் ஹாகன் என்ற பொறியாளர் 1839-இல். பிரான்சில் புவாசேய் என்ற மருத்துவர் அடுத்த ஆண்டில். மருத்துவருக்கு ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று தெரியவேண்டியிருந்தது. மெல்லிய குழாயில் அமைதியாக ஓடும் திரவத்துக்கு, விட்டம் இரட்டித்தால் ஓட்டம் பதினாறு மடங்காகிறது என்று இருவரும் கண்டார்கள். வீட்டுப் பைப்பில் தண்ணீர் அவ்வளவு அமைதியாக ஓடுவதில்லை. 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் சாயத்தை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நூலிழைபோல நேராகப் போனது. வேகம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் கலங்கிச் சிதறியது. முதல் வகையைச் ‘சீரோட்டம்’ என்றும் இரண்டாவதைக் ‘கொந்தளிப்போட்டம்’ என்றும் சொல்லலாம். குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடும் வீட்டுப் பைப்பில் இருப்பது கொந்தளிப்போட்டம். அதில் விட்டம் இரட்டித்தால் ஓட்டம் ஆறு மடங்கு அளவுக்குக் கூடும். அரை இஞ்ச் பைப்புக்குப் பதில் முக்கால் இஞ்ச் போட்டாலே, அதே டேங்க், அதே உயரம், ஓட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

பத்தடி ஸ்டாண்ட் தந்தது ஒன்றரை மடங்கு என்பதை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். டேங்கிலிருந்து ஒரு இஞ்ச் லைனாக இறக்கி, பாத்ரூம் வரை முக்கால் இஞ்ச் கொண்டுவந்து, கடைசி இரண்டடி மட்டும் அரை இஞ்ச் போட்டால், தரைத்தள வீட்டிலும் சுமாரான ஷவர் நன்றாகவே ஓடும். சிபிவிசி பைப்பில் அரைக்கும் முக்காலுக்கும் உள்ள விலை வித்தியாசம், டைல்ஸ் செலவில் தெரியவே தெரியாது. ஆனால் டைல்ஸ் ஒட்டிய பிறகு மாற்ற முடியாதது பைப் ஒன்றுதான். நம் வீடுகளில் வரிசை தலைகீழாக நடக்கிறது: முதலில் டைல்ஸ் கலர், அடுத்து ஷவர், பைப்பைப் பிளம்பர் பார்த்துக்கொள்வார்.

பைப் பெரிதாக இருந்தும் தண்ணீர் திக்கித் திக்கி வருகிறதா? லைனில் காற்று மாட்டியிருக்கலாம். மாடியில் பைப் ஒரு இடத்தில் ஏறி இறங்கினால், அந்த மேட்டில் காற்றுக்குமிழ் உட்கார்ந்துகொள்ளும். பம்ப் இருந்தால் குமிழைத் தள்ளிக்கொண்டு போய்விடும், நம் 0.2 பாருக்கு அந்தத் தெம்பு இல்லை. டேங்க் அவுட்லெட்டுக்குப் பக்கத்தில் டேங்கைவிட உயரமாக ஒரு பைப்பை வாய் திறந்தபடி நிறுத்திவைப்பதைப் பார்த்திருக்கலாம். காற்று வெளியேற அதுதான் வழி. நல்ல பிளம்பரை அந்தக் குச்சிப் பைப்பை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சரி, கடைக்குள் போவோம். தாழ்வழுத்த வீட்டுக்கு எது ஒத்துவரும், எது வராது?

கழிப்பறை ஃபிளஷ் டேங்க் கவலையில்லாமல் ஒத்துவரும். அது லைன் பிரஷரை நம்பி இல்லை. தண்ணீரை மெதுவாகச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் கொட்டுகிறது. நிரம்ப இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இரட்டை பட்டன் ஃபிளஷை 1980-இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் புரூஸ் தாம்ப்ஸன் வடிவமைத்தார். தண்ணீர் தட்டுப்பாடுள்ள கண்டத்துக்கு அது தேவைப்பட்டது. நமக்கும்தான். ஆனால் அலுவலகங்களில் பார்க்கும், சுவரில் அழுத்தினால் ‘புஸ்’ஸென்று பாயும் ஃபிளஷ் வால்வை ஆசைப்பட்டு வாங்கிவிடக் கூடாது. அதற்குச் சேமிப்பே கிடையாது. ஒன்றேகால் அல்லது ஒன்றரை இஞ்ச் பைப்பும் நல்ல அழுத்தமும் வேண்டும்.

கை ஷவர் நல்ல தேர்வு. அதைத் தோள் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தாலே இரண்டடி நீர்த்தலை இலவசமாகக் கூடுகிறது. பேசின் குழாய் முனையில் இருக்கும் சல்லடை போன்ற ஏரேட்டர் காற்றைக் கலந்து தண்ணீரை மென்மையாக்கும், மிச்சப்படுத்தவும் செய்யும். தாழ்ந்த அழுத்தத்தில் அது தடையாகவும் ஆகலாம். கழற்றக்கூடிய மாடலாக வாங்குவது நல்லது. கால் சுற்றில் திறக்கும் குழாய்களில் உள்ளே பழைய ரப்பர் வாஷருக்குப் பதில் இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுவழுப்பாக உட்கார்ந்திருக்கின்றன. அலுமினா என்ற பொருளால் ஆன அவை மணலைவிடக் கடினமானவை, சீக்கிரம் தேயாது. புது லைனில் கிடக்கும் சிமென்ட் துகளும் பைப் சீவலும்தான் அவற்றுக்கு எமன். குழாயை மாட்டும் முன் வெறும் பைப்பில் தண்ணீரைத் திறந்துவிட்டு லைனைக் கழுவச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் ரெயின் ஷவர்தான் வேண்டும் என்றால் பிரஷர் பம்ப் போடலாம். அதில் ஒரு தவறும் இல்லை, கரண்ட் போனால் பக்கெட்டும் மக்கும் இருக்கவே இருக்கிறது. பம்பை டேங்குக்கு அடுத்துத்தான் இணைக்க வேண்டும். தெருக் குடிநீர் லைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி தவறு. உறிஞ்சும்போது பைப் வெடிப்பு வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரலாம்.

இனி உப்புத் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் ‘கடினத்தன்மை’. குடிநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நல்ல நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிறுவனத்தின் வரையறை. ஷவர் துளையில் ஒரு சொட்டு நின்று காய்ந்தால் தண்ணீர் போய்விடும், கால்சியம் கார்பனேட் தங்கிவிடும். துளை நாளுக்கு நாள் சிறுக்கும். அந்த வெள்ளைப் படிவத்தைச் சுரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட், வெளியேறுவது கரியமில வாயு. நாலு மாதத்துக்கு ஒருமுறை ஷவர் முகத்தை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவினால் போதும். துளைக்குத் துளை ரப்பர் மூக்கு வைத்த மாடலென்றால் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிரும். பாத்ரூம் ஆசிட்டை மட்டும் குழாய்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கண்ணாடிபோல மின்னும் குரோமியப் பூச்சின் தடிமன் பொதுவாக ஒரு மைக்ரான்கூட இருக்காது. தலைமுடியோ எழுபது மைக்ரான் அளவு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்தப் பூச்சையும் அதன் அடியில் உள்ள நிக்கலையும் அரித்துவிடும்.

கடையில் குழாயைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பது பெரியவர்கள் பழக்கம். அதில் விஷயம் இருக்கிறது. பித்தளை தண்ணீரைவிட எட்டரை மடங்கு கனம். மலிவுக் குழாய்களில் வரும் துத்தநாகக் கலவை ஆறரை மடங்கு சொச்சம். குரோமியம் பூசிய பிளாஸ்டிக் கிட்டத்தட்ட தண்ணீரின் கனமே. ஆனாலும் கனம் சொல்வது உலோகத்தைத்தான், அது உங்கள் தண்ணீருக்கு ஒத்துவருமா என்பதை அல்ல. உப்புத் தண்ணீர் வீட்டில், வெளிக்குழாய்க்கு வெள்ளைப் பிளாஸ்டிக் பிடிஎம்டி குழாய் அழகில்லாவிட்டாலும் அரிக்காமல் கிடக்கும்.

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் பத்து நிமிட வேலை ஒன்று உண்டு. பழைய ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, அந்த உயரத்திலேயே பைப் வாயில் பக்கெட்டைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். 15 லிட்டர் பக்கெட் ஒன்றரை நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். சாதாரண ஷவருக்கு அது போதும். மூன்று நிமிடம் ஆனால் எந்தக் கம்பெனி ஷவரும் உதவாது, பைப்பைத்தான் மாற்ற வேண்டும். டேங்க் அடியிலிருந்து ஷவர் வரை எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து 33-ஆல் வகுத்து எழுதிக்கொள்ளுங்கள். டேங்க் தீரப்போகும் நேரத்தில் உங்கள் வீட்டு பார் அதுதான்.  கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், அதில் போட்டிருக்கும் குறைந்தபட்ச பார் உங்கள் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.